‘ஊர்க் கட்டுப்பாடு’ என்பது யாருடைய சட்டம்?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி ஃபோன் செய்தார். கல்லூரியில் படிக்கிறார். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அவ்வப்போது வருவார்.

“அண்ணே, அக்கா கல்யாணத்துக்கு முடி வெட்டலாம்னு நம்மூரு சலூனுக்கே போனேன். கடைக்கார அண்ணன் நாற்காலியில உட்காரவே விடல. ‘தப்பா நெனச்சுக்காத தம்பி, ஊர்க் கட்டுப்பாடு. உனக்கு வெட்டுனா நாளைக்கு எனக்கு இங்க கடை இருக்காது’ன்னு சொல்லிட்டாரு.”

புகார் கொடுத்தார்கள். காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்தது. ஓர் அதிகாரி சொன்னாராம்: “இது சட்டப் பிரச்சினை இல்லப்பா, ஊர்க் கட்டுப்பாடு. நீங்களே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்குங்க.” கடைசியில் ஒரு தாள் எழுதப்பட்டது. இரு தரப்பும் ஊர் வழக்கத்தை மதித்து அமைதி காப்பதாக அதில் இருந்தது. தம்பியின் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கும்போது அவர் வேறென்ன செய்வார்?

தம்பி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “அந்தத் தாள் சட்டமாண்ணே?”

அன்றைக்கு நான் உடனே “இல்லை தம்பி” என்று சொல்லிவிட்டேன். சரியான பதில்தான். ஆனால் போதுமான பதில் இல்லை என்று பிறகு தோன்றியது. சட்டம் இல்லாத ஒன்றுக்கு ஒரு கடைக்காரர் ஏன் பயப்படுகிறார்? சட்டம் இல்லாத ஒன்றை மதிப்பதாக அரசு அலுவலகத்தில் வைத்து ஏன் எழுதி வாங்குகிறார்கள்? ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் தோழர்களே.

‘பைலா’ என்றால் ஊர்ச்சட்டம்

உள்ளூர் அளவில் இயற்றப்படும் விதிகளுக்கு நம்மிடம் சில சொற்கள் புழங்குகின்றன. அரசுத் தமிழில் ‘துணைவிதி’ அல்லது ‘உபவிதி’. கூட்டுறவுச் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், தொழிற்சங்கம் ஆகிய இடங்களில் பேச்சு வழக்கில் ‘பைலா’. “சங்கத்து பைலாவில் அப்படித்தான் இருக்கு” என்று சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம்.

இந்த ‘பைலா’வின் பிறப்பு சுவையானது. இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய மொழியில் ‘பீ’ என்றால் ஊர். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி போன்ற ஊர்ப்பெயர்களின் கடைசியில் இருக்கும் ‘பி’ அதுதான். டென்மார்க்கிலும் நார்வேயிலும் இன்றைக்கும் ஊருக்கு அந்தச் சொல்தான். ‘பைலா’ அந்த வேரிலிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சி அகராதிகள் காட்டுகின்றன. அதாவது பைலா என்பதன் நேர்ப்பொருள் ‘ஊர்ச்சட்டம்’. காலப்போக்கில் ஆங்கிலேயர்களே அதை மறந்து, ‘பக்கத்தில் இருப்பது, துணையாக இருப்பது’ என்ற பொருளில் அந்த முன்னொட்டை எடுத்துக்கொண்டார்கள். நாம் அந்த இரண்டாவது பொருளைத்தான் ‘துணைவிதி’ என்று தமிழாக்கியிருக்கிறோம்.

மொழிபெயர்ப்பில் காணாமல் போன ‘ஊர்’ நம்மிடம் வேறு ஒரு சொல்லில் பத்திரமாக இருக்கிறது. அதுதான் ஊர்க் கட்டுப்பாடு. ஆகவே நம் நாட்டில் இரண்டு வகை உள்ளூர்ச் சட்டங்கள் உண்டு. ஒன்று துணைவிதி. அதற்கு மேலே ஒரு தாய்ச்சட்டம் இருக்கும். தாய்ச்சட்டத்தை மீறினால் துணைவிதி செல்லாது. அது எழுத்தில் இருக்கும், எதிர்த்து வழக்குப் போடலாம். இன்னொன்று ஊர்க் கட்டுப்பாடு. அதற்கு மேலே எதுவும் கிடையாது. எழுத்தும் கிடையாது. போட்டது யார் என்று கேட்டால் “ஊரே சேர்ந்து போட்டது” என்பார்கள்.

அந்த ‘ஊரே’ யார்?

ஊர் என்ற சொல்லின் எல்லைக்கோடு

தமிழில் ‘ஊர்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் ‘காடு’ என்று சிறுவயதில் நினைத்திருப்போம். கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், ஊரின் எதிர்ச்சொல் சேரி. “ஊர்க்காரங்க”, “காலனிக்காரங்க” என்று ஒரே வருவாய்க் கிராமத்தில் இருப்பவர்களை இரண்டாகப் பிரித்துப் பேசும் பழக்கம் இன்றும் போகவில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததே, இந்தச் சொற்கள் முகவரிகளாக மட்டும் இயங்கவில்லை என்பதற்குச் சாட்சி.

இந்தக் கோடு புதியதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தம் என்று ஒன்றைச் சொல்லி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வேறு சிலவற்றைத் தனியாகச் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரசின் கணக்கு ஏட்டில் கோடு விழுந்துவிட்டது.

உள்ளாட்சி சனநாயகத்தின் பெருமையாக மேடைதோறும் சொல்லப்படும் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் பாருங்கள். பராந்தகச் சோழன் காலம், 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அந்தச் சபையார் தாங்கள் செய்த விதியை ‘வியவஸ்தை’ என்று குறிப்பிடுகிறார்கள். குடவோலையில் பெயர் எழுதத் தகுதி என்ன? வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், வேத மந்திரங்களில் தேர்ச்சி. அது ஒரு பார்ப்பனச் சபை. குடத்தில் ஓலை போட்டார்கள் என்பது உண்மை. யாருடைய பெயர் ஓலைக்கே வராது என்பதை அதே கல்வெட்டு எழுதி வைத்திருக்கிறது என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் பாடநூலில் படித்து வளர்ந்தோம்.

இன்றைக்கு ஊரின் உறுப்பினர் யார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வாக்காளர் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. கோயில் திருவிழா வரிக் கணக்கைப் பார்த்தால் தெரியும். ‘தலைக்கட்டு வரி’ என்று ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என வசூலிப்பார்கள். யாரிடம் வரி வாங்குகிறார்களோ அவர்கள் ஊர். பல கிராமங்களில் சேரி மக்களிடம் அந்த வரியை வாங்குவதில்லை. கொடுக்கப் போனாலும் வாங்குவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சலுகை போலத் தெரியும். வரி கொடுத்தவருக்குக் கூட்டத்தில் பேச உரிமை உண்டு, தேர் வடத்தில் கைவைக்க உரிமை உண்டு, கணக்குக் கேட்க உரிமை உண்டு. வரியை மறுப்பது அந்த உரிமைகள் அத்தனையையும் மறுப்பது. சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட சொந்தச் சாதிக் குடும்பத்தைத் தள்ளி வைக்கும்போதும் முதலில் சொல்வது இதைத்தான்: “இனி உங்ககிட்ட வரி வாங்க மாட்டோம்.”

ஆக, ஊர்க் கட்டுப்பாடு போடும் கூட்டத்தில் சேரிக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் சுமை பெரும்பாலும் சேரியின் மேல்தான். விதி செய்பவர் ஒருவர், விதிக்கு ஆட்படுபவர் வேறொருவர். சட்டமன்றத்தில் இப்படி நடந்தால் அதைச் சர்வாதிகாரம் என்போம். கிராமத்தில் நடந்தால் ‘வழக்கம்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

‘கட்டுப்பாடு’ என்ற நல்ல சொல்

அடுத்தது ‘கட்டுப்பாடு’. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல பெயர் உண்டு. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா சொன்னது இயக்க ஒழுங்கை. உணவுக் கட்டுப்பாடு, நாவடக்கம் என்று நல்ல பழக்கங்களோடு சேர்ந்து வரும் சொல். கட்டுப்படுவது என்றால் தானாகவே அடங்கி நடப்பது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. ‘தடை’ என்று சொன்னால் தடுத்தது யார் என்று கேட்கத் தோன்றும். ‘கட்டுப்பாடு’ என்றால் கேட்கத் தோன்றாது. அடிமைத்தனத்துக்கு ஒழுக்கத்தின் பெயரைச் சூட்டியதுதான் இந்தச் சொல் செய்த பெரிய வேலை.

அந்த ஒழுக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 சென்சஸ் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தன்னுடைய நூலில் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை, இரவிக்கை அணியக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. மறு ஆண்டு தடைகளின் எண்ணிக்கை பதினொன்றானது. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது.

கிராப் வெட்டக் கூடாது என்ற அந்தத் தடையையும், நம் தம்பிக்குச் சலூனில் கிடைத்த பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள்.

அண்ணல் அம்பேத்கர் இதைப் ‘பழக்கவழக்கம்’ என்று எழுதவில்லை. இந்தியக் கிராமத்தைப் பற்றிய அவருடைய கட்டுரையில், தீண்டத்தக்கவர்கள் தீண்டப்படாதவர்களுக்கு வகுத்த சட்டத்தொகுப்பு என்றே அதைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றையும் குற்றப்பட்டியல்போல அடுக்குகிறார். ஊருக்குத் தெற்கே குடியிருக்க வேண்டும், நிலமோ மாடோ சேர்ப்பது குற்றம், ஓட்டு வீடு கட்டுவது குற்றம், சுத்தமான உடை குற்றம், குதிரையிலோ பல்லக்கிலோ போவது குற்றம். தண்டனை ஒருவருக்கு மட்டும் இல்லை, மொத்தச் சேரிக்கும் விழும். சட்டத்துக்கு உரிய அத்தனை இலக்கணமும் இதில் இருப்பதை அவர் பார்த்தார்: விதி, குற்றம், தண்டனை, தண்டிக்கும் கூட்டம்.

இன்னொரு கொடுமையும் இருந்தது. ஊர் முடிவைத் தண்டோரா போட்டு அறிவிக்க வேண்டியவரும் சேரிக்காரரே. தன் மக்களைக் கட்டிப்போடும் விதியைத் தன் கையாலேயே பறையடித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு தண்டோரா முறைக்குத் தடை விதித்தது 2022 ஆகஸ்டில்தான்.

சட்டமா, சட்டம் இல்லையா?

“இது சட்டம் இல்லை, ஊர் வழக்கம்” என்பது நேர்மையான வாக்கியம்போலத் தெரிகிறது. அது ஒரு நழுவல். வேண்டும்போது சட்டமாக நடக்கும், கேள்வி வரும்போது ‘சும்மா வழக்கம்’ ஆகிவிடும். இந்த நழுவலை நம் தலைவர்கள் ஏற்கெனவே நீதிமன்றம் வரை துரத்தியிருக்கிறார்கள்.

மகத் போராட்டம் நமக்கெல்லாம் தெரியும். அதற்குள் ஓர் உள்ளூர்ச் சட்டக் கதை இருக்கிறது. பொதுக்குளங்களைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறக்க வேண்டும் என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே தீர்மானம் கொண்டுவந்தார். அதை ஏற்று 1924இல் மகத் நகராட்சி சவதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. அதாவது உள்ளூர்ச் சட்டம் அன்று நம் பக்கம் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய்த் தண்ணீர் அருந்தினார்கள். அடி விழுந்தது. அதே ஆண்டு நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய வாதம்: இது பழங்காலந்தொட்டு வரும் வழக்கம்.

வழக்கு 1937 வரை நடந்தது. அப்படி ஒரு பழங்கால வழக்கம் இருந்ததை வாதிகள் நிரூபிக்கவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொன்னது. அம்பேத்கர் வென்றார். ஆனால் அந்தத் தீர்ப்பின் ஓட்டையைக் கவனியுங்கள். வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பதால்தான் வெற்றி. நிரூபிக்கப்பட்டிருந்தால்? அந்த வழக்கமே சட்டம் ஆகியிருக்கலாம்.

அந்தக் கதவை அடைத்தது அரசியலமைப்புச் சட்டம். அதன் 13ஆவது பிரிவு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான எந்தச் சட்டமும் செல்லாது என்கிறது. எதெல்லாம் ‘சட்டம்’ என்றும் அதுவே விளக்குகிறது: அவசரச் சட்டம், ஆணை, துணைவிதி, விதி, ஒழுங்குமுறை, அறிவிக்கை, சட்ட வலிமை கொண்ட வழக்கம் அல்லது வழக்காறு. நகராட்சியின் துணைவிதியும் ஊரின் வழக்கமும் ஒரே வரியில், ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. “எவ்வளவு காலமாக நடக்கிறது” என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. “சமத்துவத்துக்கு எதிரானதா” என்று கேட்டால் போதும். 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆவது பிரிவு கடைகளிலும் குளங்களிலும் கிணறுகளிலும் சாதி பார்ப்பதைத் தடுத்தது. அந்தப் பிரிவில் உள்ள ‘கடை’ என்பது உள்ளே நுழைவதை மட்டும் குறிக்காது, அங்கே தரப்படும் சேவையையும் குறிக்கும் என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரே விளக்கம் சொன்னார். சலூனும் அதில் அடக்கம் தம்பி.

ஆனால் நழுவல் அதோடு நிற்கவில்லை. நகரத்துக்கு வந்து, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ‘பைலா’ என்ற பெயரில் நிற்கிறது. அகமதாபாத்தில் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். பார்சிகள் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்பது அதன் பைலா. வழக்கு உச்சநீதிமன்றம் போனது. 2005இல் வந்த தீர்ப்பு அந்த பைலா செல்லும் என்றது. காரணம்? கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதி சட்டம் ஆகாது, உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் போன்றது. சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

பார்சிகள் எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம். அவர்கள் அச்சத்தை நான் இளக்காரம் செய்யவில்லை. என் கேள்வி அந்தத் தர்க்கத்தைப் பற்றியது. அதே தர்க்கத்தை ஓர் ஆதிக்கச் சாதி எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ‘சைவம் மட்டும்’, ‘நம்மவர்கள் மட்டும்’ என்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாடகைக்கு வீடு மறுக்கப்படும்போது சொல்லப்படும் பதிலும் “அசோசியேஷன் பைலா சார்” என்பதுதான். கிராமத்தில் “இது சட்டம் இல்லை, வழக்கம்.” நகரத்தில் “இது சட்டம் இல்லை, ஒப்பந்தம்.” 13ஆவது பிரிவின் கூண்டிலிருந்து தப்பிக்க இரண்டு வழிகள்.

ஊராட்சிக்கு மேலே ஓர் ஊர்

“இப்போதுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இருக்கிறதே, அதற்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறதே” என்று கேட்கலாம். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தனித்தொகுதி வந்தது. அப்போது ஊர்க் கட்டுப்பாடு என்ன செய்தது? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும், 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் அங்கே முறையாகத் தேர்தல் நடத்தவோ, தேர்வானவர் பதவியில் நீடிக்கவோ முடியவில்லை. மேலவளவில் தேர்தலில் நின்று வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த தோழர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் ஊர் போட்ட கட்டுப்பாடும் நேருக்கு நேர் மோதியபோது, பத்து ஆண்டுகள் வென்றது எது? சட்டம் இல்லாத ஒன்றுக்கு இந்த வலிமை வராது.

உத்தப்புரம் சுவரை நினைத்துப் பாருங்கள். சாதியைப் பிரித்து நின்ற அந்தச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. அப்போது சுவரை ஆதரித்தவர்கள் சொன்ன வாதம், 1989 மோதலுக்குப் பிறகு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்பது. அச்சத்தில் இருப்பவரிடம் வாங்கிய கையெழுத்து, பிறகு அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும். தம்பியின் அப்பா போட்ட கையெழுத்தும் அப்படித்தான் ஆகும்.

“ஊருக்கென்று ஒழுங்கு வேண்டாமா?”

நண்பர்கள் சிலர் இப்படிக் கேட்பார்கள். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது, மேய்ச்சல் நிலத்தைக் காப்பது, பொது மரத்தை வெட்டாமல் இருப்பது, சாராயக் கடையை விரட்டுவது எல்லாமே ஊர்க் கட்டுப்பாட்டால் நடக்கவில்லையா?

நியாயமான கேள்வி. ஊர் கூடி விதி செய்வதற்கு நாம் எதிரிகள் இல்லை. கிராமசபை வேண்டும் என்று கேட்பவர்கள் நாம்தான். அந்த விதியிடம் மூன்று கேள்விகள் கேட்போம். விதி செய்த கூட்டத்தில் அதற்கு ஆட்படும் எல்லோரும், பெண்களும் சேர்த்து, உட்கார்ந்திருந்தார்களா? அது எழுத்தில், பெயரோடு, தேதியோடு இருக்கிறதா? பிடிக்காதவர் அதை எதிர்த்து மேலே முறையிட முடியுமா, முறையிட்ட பிறகும் அந்த ஊரில் வாழ முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது துணைவிதி, மதிப்போம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அது ஆதிக்கம்.

இதே மூன்று கேள்விகளை நம் பக்கமும் திருப்ப வேண்டும். சேரிக்குள்ளும் நாட்டாமை உண்டு, அபராதம் உண்டு, வேறு உட்சாதியில் திருமணம் செய்த பிள்ளையைத் தள்ளி வைப்பதும் உண்டு. பெண் செல்ஃபோன் வைத்திருக்கலாமா என்று ஆண்கள் மட்டும் கூடி முடிவு செய்வதும் உண்டு. மேலிருந்து வந்த நோயை நாமும் வாங்கிக்கொண்டோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஊரிடம் கேட்கும் கேள்வியைச் சேரியிலும் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு வலு.

அந்த சலூன்கார அண்ணனையும் மறக்க வேண்டாம். அவரும் ஊர்க் கூட்டத்தில் சமமாக உட்கார வைக்கப்படாத ஒரு சேவைச் சாதியில் பிறந்தவர். கட்டுப்பாட்டை நிறைவேற்றும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது, மீறினால் இழப்பும் அவருக்கு. அவர் செய்ததைச் சட்டம் குற்றம் என்றுதான் சொல்லும். ஆனால் வழக்கு அவரோடு முடிந்துபோனால், கட்டுப்பாடு போட்டவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

சொல்லை மாற்றினால் வழக்கு மாறும்

இளம் தோழர்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்ல வேண்டும். புகார் மனுவில் “எங்கள் கிராமத்தில் ஊர்க் கட்டுப்பாடு உள்ளது” என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லை எழுதிய கணமே அது ‘பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்’ ஆகிவிடுகிறது. சட்டத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது: சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம் இரண்டுக்கும் விளக்கம் தந்து, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீது அப்படிப் புறக்கணிப்பு விதிப்பதையும், விதிப்பதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பொது இடத்தில் செருப்பு, புத்தாடை அணிவதை, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பதும் அதே திருத்தத்தில் குற்றமாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது 1930இன் எட்டுத் தடைகள் நினைவுக்கு வரும். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. கடமை தவறும் அதிகாரிகளுக்கும் அந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு.

மனுவில் ‘ஊர்’ என்று எழுதாமல் ஆட்களை எழுதுங்கள். கூட்டம் எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் தலைமையில் நடந்தது, யார் அறிவித்தார் என்று எழுதுங்கள். ‘ஊர்’மீது வழக்குப் போட முடியாது. ஊருக்குள் ஒளிந்திருக்கும் ஐந்து பேர்மீது போடலாம். அமைதிக் கூட்டத்தில் நீட்டப்படும் தாளில் ‘ஊர் வழக்கம்’ என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். வழக்கறிஞர் தோழர்களிடம் காட்டிய பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லுங்கள்.

சட்டத்தில் ஓர் இடைவெளியும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கானது. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்ததற்காகச் சொந்தச் சாதியால் ஒதுக்கப்படுபவருக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955 கைகொடுக்கும். ஆனால் திருவிழாக் கணக்குக் கேட்டதற்காக, சாதி கடந்து திருமணம் செய்ததற்காக, பஞ்சாயத்து அபராதத்தைக் கட்டாததற்காக ஒதுக்கப்படும் மற்ற குடும்பங்களுக்கு? சாதிப் பஞ்சாயத்துகளின் ஊர் விலக்கத்துக்கு எதிராக மகாராஷ்டிரம் 2016இல் தனிச்சட்டமே இயற்றியது. கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. பெரியார் மண் என்று சொல்லிக்கொள்ளும் நாம் மகாராஷ்டிரத்தைப் போல ஒரு சட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டாமா?

தம்பிக்கு இப்போது முழுமையாகப் பதில் சொல்கிறேன். அந்தத் தாள் சட்டம் இல்லை. ஆனால் சட்டம்போல நடந்துகொள்கிறது. அப்படி நடந்துகொள்ளும் எதுவாக இருந்தாலும், துணைவிதி என்று வந்தாலும் வழக்கம் என்று வந்தாலும், அரசியலமைப்பின் முன் வந்து பதில் சொல்லியாக வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டாரே என்று தயங்காதே. அடிப்படை உரிமையை யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. புதிதாக ஒரு மனு எழுது. ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்ற சொல் அதில் ஒரே இடத்தில்கூட வர வேண்டாம்.